சின்னக் குளியலறைக்கு வயரிங்: புதிதாக வேலை கற்பவர்களுக்கு

ஐந்தடிக்கு ஏழடி குளியலறையில் கரண்ட் தேவைப்படுவது நாலே இடத்தில்: மேலே ஒரு விளக்கு, கண்ணாடிக்கு மேல் ஒரு விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர். பாயிண்ட் கணக்கில் சமையலறையில் பாதிகூட வராது. ஆனால் செருப்பில்லாமல், உடம்பு முழுக்க நனைந்து, ஈரத் தரையில் நின்றபடி உலோகக் குழாயைத் திருகுகிற இடம் வீட்டில் இது ஒன்றுதான். அதனால் எதை உள்ளே வைக்காமல் விடுவது என்று முடிவு செய்வதிலேயே இங்கே பாதி வேலை முடிந்துவிடும்.

நனைந்த உடம்பின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். ஒன்றிரண்டு விநாடி பாய்ந்தால் இதயத் துடிப்பைக் குலைக்க அதில் கால் பங்கே போதும். விளக்கு லைனில் இருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச்) இந்த 230 மில்லி ஆம்பியர் ஒரு 50 வாட் பல்பு எரிவது மாதிரிதான், அசையாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது எர்த்தும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும்.

யார் செய்யலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதை வீட்டுக்காரரே செய்யலாம். புதிய லைன் இழுப்பது, பாயிண்ட் கூட்டுவது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வை வேண்டும். வயர்மேனோடு சேர்ந்து வேலை பழகுபவருக்கும், தன் வீட்டு வேலையைப் பக்கத்தில் நின்று சரிபார்க்க நினைப்பவருக்கும் இந்தக் கட்டுரை.

எது எங்கே

தண்ணீர் தெறிக்கும் எல்லையைச் சர்வதேச விதி அளந்து சொல்கிறது. தொட்டியில்லாத ஷவர் என்றால், சுவரில் ஷவர் பொருத்திய இடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை ஈர மண்டலம். இதற்குள் சுவிட்சும் வரக் கூடாது, ப்ளக் பாயிண்ட்டும் வரக் கூடாது. 2.25 மீட்டர் என்பது ஏறத்தாழ ஏழரை அடி. நம் குளியலறையின் நீளமே 2.1 மீட்டர்தான். அதில் 1.2 போனால் கதவோரம் ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். அங்கேயும் ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறைக் கை ஷவர்) குழாயின் பீய்ச்சல் எட்டும், வாளியில் மொண்டு ஊற்றிச் சுவரைக் கழுவும் தண்ணீரும் எட்டும். ஆகவே மிஞ்சும் அந்தத் துண்டை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

எல்லா சுவிட்சும் வெளியே, கதவின் தாழ்ப்பாள் பக்கச் சுவரில், நாலடி உயரத்தில். கீல் பக்கம் வைத்தால் கதவைத் திறந்ததும் போர்டு கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். வெளியே வைப்பதில் ஒரே குறை, உள்ளே ஆள் இருக்கும்போது வீட்டுக் குழந்தைகள் விளக்கை அணைத்து விளையாடுவது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கீசருக்கு மட்டும் உள்ளே ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதன் கேபிள் குட்டையானது. அந்தப் பாயிண்ட்டை ஏழரை அடிக்கு மேல், ஷவர் இல்லாத சுவர்ப் பக்கமாக, கீசருக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் கீழே வேண்டவே வேண்டாம். கீசரின் அடிப்பாகத்தில்தான் தண்ணீர் இணைப்புகளும் சேஃப்டி வால்வும் இருக்கின்றன. வால்வு சொட்டுவது இயல்பு, சொட்டினால் நேராக ப்ளக்கின் தலையில் விழும். கேபிள் எட்டவில்லை என்று நடுவில் ஒட்டுப் போட்டு நீட்டுவதும் கூடாது. கீசரை எங்கே மாட்டப்போகிறார்கள், கேபிள் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பிளம்பரிடம் கேட்டுச் சுவரில் கோடு போட்ட பிறகுதான் பாக்ஸுக்குக் கொத்த வேண்டும்.

டிரிம்மருக்கு, ஹேர் டிரையருக்கு என்று வாஷ்பேசின் பக்கத்தில் 6 ஆம்பியர் பாயிண்ட் கேட்பவர்கள் உண்டு. படுக்கையறைக் கண்ணாடி பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் குளியலறைக்குள் ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தால், கீசர் பழுதான அன்று அதில் வாளி ஹீட்டர் ராடு மாட்டப்படும். வாஷிங் மெஷினும் அப்படியே. இடமில்லாமல் குளியலறைக்குள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பாயிண்ட்டை வெளிச்சுவரில் வைத்து மெஷினின் கேபிளை உயரமான துளை வழியாக வெளியே எடுக்கப் பாருங்கள்.

மேல் விளக்கும் கண்ணாடி விளக்கும் ஐ.பி. 44 என்று அச்சிட்டதாக இருக்கட்டும். எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. உலோகம் என்றால் எர்த் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு 6 அங்குல அளவு இந்த அறைக்குப் போதும், கதவுக்கு எதிர்ச்சுவரில் மேலே. கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி விடாவிட்டால் காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் சத்தம் மட்டும் போடும், ஈரம் போகாது.

வயரும் எம்.சி.பி.யும்

வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் ஸ்டோரேஜ் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். இந்த இரண்டுக்கும் 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. போதும். 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. வயரே தாங்கும், ஆனால் சுவருக்குள் போன வயரை மாற்றுவது கீசரை மாற்றுவதைப் போல் எளிதல்ல, நாளைக்கு 3,000 வாட் வாங்குவார்கள். 4,500 வாட் இன்ஸ்டன்ட் மாடல்களும் கடையில் இருக்கின்றன. அவை 19.6 ஆம்பியர் இழுப்பதால் 16 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டவே முடியாது. 6 சதுர மி.மீ. வயர், 25 ஆம்பியர் எம்.சி.பி., ப்ளக் இல்லாத நேரடி இணைப்பு என்று அதற்குத் திட்டமே வேறு. கீசரை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

விளக்கு இரண்டும் ஃபேனும் சேர்ந்தால் 60 வாட் சொச்சம். 1.5 சதுர மி.மீ. வயர், 6 ஆம்பியர் எம்.சி.பி. எம்.சி.பி. எண் வயரின் தாங்குதிறனுக்கு மேலே போகக் கூடாது என்பது எங்கும் மாறாத கணக்கு: 1.5க்கு அதிகபட்சம் 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20. "அடிக்கடி டிரிப் ஆகிறது, பெரிய எம்.சி.பி. போட்டுவிடு" என்று யாராவது சொன்னால், சுவருக்குள் வயர் வேகட்டும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் எங்கேயோ கசிகிறது என்று நொடிப்பொழுதில் துண்டிக்கும். குளியலறைக்கு அதன் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். வீட்டு மெயினில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் எண்ணைப் படியுங்கள். 100 அல்லது 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க, ஆளுக்கு அல்ல. குளியலறைக்கென்று தனியாக 40 ஆம்பியர், இரண்டு போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), 30 மில்லி ஆம்பியர் ஒன்று வைப்பது நல்லது. வீடு முழுவதற்கும் ஒன்றே இருந்தால் கீசர் கசியும்போது ஃபிரிட்ஜும் சேர்ந்து அணையும். சலித்துப்போய் யாராவது ஒருநாள் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுவார்கள்.

எர்த் இருக்கிறதே, எம்.சி.பி. போதாதா என்று கேட்கலாம். வீட்டு எர்த் குழியின் தடை 5 ஓம் என்று வையுங்கள். கீசர் உடம்பில் பேஸ் பட்டால் 230-ஐ 5 ஆல் வகுத்து 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ (டிரிப் ஆக) 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்குச் சூடேறித்தான் விழும், சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை கீசரிலும் குழாயிலும் கரண்ட் இருக்கும். ஆர்.சி.சி.பி. இந்த இடைவெளியை அடைக்கிறது. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் அது விழாது என்பதால் எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கைகளில் ஒரே நேரத்தில் பிடித்தால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான், அப்போதும் விழாது.

வாங்க வேண்டியவை

எம்.சி.பி. பெட்டியிலிருந்து குளியலறை போர்டுக்கு 10 மீட்டர், அங்கிருந்து கீசருக்கு 5 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால்: 4 சதுர மி.மீ. வயர் சிவப்பு (பேஸ்), கருப்பு (நியூட்ரல்), பச்சை (எர்த்) ஒவ்வொன்றும் 17 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயர் மூன்று நிறத்திலும் 28 மீட்டர். இரண்டிலும் பாக்ஸுக்குள் விடும் நீளம் சேர்ந்திருக்கிறது. முழு காயில் 90 மீட்டர் வரும். வேண்டிய மீட்டரை வெட்டித் தரும் கடைகளும் உண்டு, ஆனால் வெட்டிய துண்டில் ஐ.எஸ். 694 முத்திரையும் சதுர மி.மீ. எண்ணும் அச்சாகியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

கீசர் லைனுக்கு 25 மி.மீ. பி.வி.சி. பைப் 6 (ஒன்று 3 மீட்டர்), விளக்கு லைனுக்கு 20 மி.மீ. பைப் 9. தேவைக்கேற்ற பெண்ட், கப்ளர், ஜங்ஷன் பாக்ஸ், பைப் ஒட்டும் சொல்யூஷன். வெளிப் போர்டுக்கு ஆறு மாட்யூல் பாக்ஸும் பிளேட்டும். அதில் இண்டிகேட்டர் உள்ள 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் ஒன்று (பிராண்டைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மாட்யூல் பிடிக்கும்), 6 ஆம்பியர் சுவிட்ச் மூன்று, மிச்சத்துக்கு பிளாங்க். உள்ளே கீசருக்கு ஷட்டர் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று.

டபுள் போல் எதற்கு? சாதாரண சுவிட்ச் பேஸை மட்டும் வெட்டும். டபுள் போல் நியூட்ரலையும் சேர்த்து வெட்டிவிடுவதால், வீட்டில் எங்கோ பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் கீசர் முழுமையாகப் பிரிந்து நிற்கும். சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், கீசர் ஓடுவது வெளியே இருப்பவர் கண்ணிலும் படும்.

கரண்ட்டை நிறுத்துவது

மெயினை இறக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்துக் கை வைப்பவர்களுக்கு இன்வர்ட்டர் காத்திருக்கும். பல வீடுகளில் குளியலறை விளக்கு இன்வர்ட்டர் லைனில் இருக்கும். மெயின் போனதும் அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே வயரில் அனுப்பத் தொடங்கும். ஆகவே மெயினை இறக்குங்கள், இன்வர்ட்டரை அதன் சுவிட்சில் அணையுங்கள், பிறகு அதன் அவுட்புட் எம்.சி.பி. இருந்தால் அதையும் இறக்குங்கள். மூன்று பேஸ் வீடு என்றால் ஒரே போர்டில் இரண்டு பேஸ் வந்திருக்கலாம், இடையே 400 வோல்ட். எல்லா பேஸும் இறங்க வேண்டும்.

அதன்பின் சோதனை. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்து, வேலை செய்யும் இடத்தில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்த்து, மீண்டும் பழைய இடத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். அது எரியாததற்கு, கரண்ட் இல்லை என்பதைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

கொத்துவதும் பைப் போடுவதும்

பூச்சுக்கு முன்பே, பிளம்பிங் பைப் போகும் பாதை தெரிந்த பிறகு. காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) செங்குத்தாக மட்டும் வெட்டுங்கள், கிடைமட்டமாக ஓட்டாதீர்கள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர், அதில் நீளக் கிடைக்காடி போட்டால் சுவரே இரண்டாகப் பிளந்த மாதிரி ஆகும். தூண், பீம் பக்கம் போக வேண்டாம். வெட்டிய பாதையைக் கைப்பேசியில் அளவுகோலோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால், டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்ணாடிக்கு ஆணி அடிப்பவர் பிழைப்பார்.

உள்ளேயிருந்து வெளிப் போர்டுக்கு வரும் பைப்பில் தண்ணீர் வழிந்து இறங்காதபடி, சுவரை ஏழரை அடிக்கு மேலே துளைத்துக் கடந்து, மறுபக்கம் கீழிறங்கச் செய்யுங்கள். வயர் இழுத்த பிறகு உள்பக்கப் பைப் வாயை சிலிக்கான் சீலன்ட்டால் அடையுங்கள். குளியலறையின் ஈரக்காற்று பைப் வழியாக வெளிப் போர்டுக்குள் வந்து குளிர்ந்து நீராவதை இது தடுக்கும். தளம் போட்டு டைல்ஸும் ஒட்டிய பழைய வீடு என்றால் கொத்தாமல், ஏழரை அடிக்கு மேல் கேசிங் கேப்பிங் (சுவர்மேல் ஓடும் மூடியுள்ள பி.வி.சி. பட்டை) ஓட்டலாம். பார்க்க அழகாக இருக்காது, வேலை சுத்தமாக இருக்கும்.

கீசர் வயர் மூன்றும் ஒரு பைப்பில், விளக்கு வயர் இன்னொன்றில். பைப்புக்குள் ஒட்டு கிடையாது. வயர் பற்றவில்லை என்றால் முழுதாக மாற்றி இழுங்கள், இல்லையேல் ஜங்ஷன் பாக்ஸில் கனெக்டர் போட்டு இணையுங்கள். ஒவ்வொரு பாக்ஸிலும் ஆறு அங்குலம் வயர் மிச்சம் விடுங்கள்.

இணைப்பது

எம்.சி.பி. பெட்டியில் வரிசை: மெயின், அதன்பின் ஆர்.சி.சி.பி., அதன்பின் 16 ஆம்பியர், 6 ஆம்பியர் எம்.சி.பி.கள். இந்த ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளிவரும் நியூட்ரலுக்குத் தனி நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்களை ஒன்றாகச் சேர்க்கும் பட்டை) வையுங்கள். குளியலறையின் இரண்டு கருப்பு வயரும் அதில் மட்டுமே சேர வேண்டும். வீட்டின் பொது நியூட்ரல் லிங்க்கில் ஒன்று போய்விட்டால், போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பும், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றே நினைத்து, விளக்கைப் போட்டதும் விழும். புதிதாக ஆர்.சி.சி.பி. மாட்டிய வீடுகளில் "இது சும்மா சும்மா விழுகிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

விளக்கை இன்வர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டும் என்றால் (சோப்பு போட்டிருக்கும்போது கரண்ட் போனால் தெரியும் அருமை), இன்வர்ட்டர் அவுட்புட்டுக்குப் பிறகு தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்து, அந்த லைனின் நியூட்ரலை அதற்குப் பின்னால் மட்டும் எடுங்கள். அப்போது கீசர் ஒரு ஆர்.சி.சி.பி.யிலும் விளக்கு இன்னொன்றிலும் இருக்கும்; இரண்டின் நியூட்ரலும் போர்டுக்குள் எங்கும் தொடக் கூடாது.

வெளிப் போர்டில் 4 சதுர மி.மீ. சிவப்பும் கருப்பும் டபுள் போல் சுவிட்சின் உள் முனைகளுக்கு. வெளி முனைகளிலிருந்து கீசருக்கு. எது உள், எது வெளி, எது நியூட்ரல் என்பது பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும், பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். பச்சை எந்தச் சுவிட்சுக்குள்ளும் போகாமல் நேராகக் கீசர் சாக்கெட்டுக்குப் போகும். விளக்கு லைனின் சிவப்பு முதல் சுவிட்சுக்கு வந்து, சின்னத் துண்டு வயர்களால் அடுத்த இரண்டுக்கும் லூப் ஆகும். ஒவ்வொரு சுவிட்சின் மறுமுனையிலிருந்தும் அதனதன் விளக்குக்கோ ஃபேனுக்கோ ஒரு சிவப்பு. நியூட்ரல் சுவிட்சைத் தொடாமல் நேராகப் போகும். பக்கத்திலேயே கீசர் பேஸ் தடிமனாக நிற்கிறதே என்று அதிலிருந்து விளக்குக்கு லூப் எடுக்கும் குறுக்குவழியைப் பலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் 1.5 வயருக்குக் காவல் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஆகிவிடும்.

சாக்கெட்டை முன்னாலிருந்து பார்க்கும்போது மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல்.

இனி முனை. இன்சுலேஷனை 8 முதல் 10 மி.மீ. உரியுங்கள், உரிக்கும்போது ஒரு இழைகூட அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கி, டெர்மினல் ஓட்டை பெரிதாக இருந்தால் இரட்டையாக மடித்து, அல்லது லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் தொப்பி) அடித்துச் செருகி ஸ்க்ரூவை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், நகர்ந்தால் மறுபடி. இன்சுலேஷன் ஸ்க்ரூவுக்கு அடியில் சிக்கியிருந்தால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் தொடுவது இரண்டு இழைதான். கீசர் பாயிண்ட் கருகுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் விழுந்து, ப்ளக்கைப் பிடுங்கினால் அந்த ஒரு பின் மட்டும் நிறம் மாறியிருக்கும். அந்த ப்ளக்கைப் புது சாக்கெட்டில் மாட்டினால் புதுசும் கருகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ப்ளக் டாப்பை நீங்களே மாட்டினால் உள்ளே பச்சை வயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள். கேபிளை யாராவது இழுத்தால் கடைசியாகக் கழன்று வருவது எர்த்தாக இருக்க வேண்டும். கம்பெனியே வார்த்துக் கொடுத்த ப்ளக் என்றால் வெட்டாதீர்கள், வாரண்டி போய்விடும்.

எர்த் வராத பழைய வீட்டில் சாக்கெட்டின் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. டெஸ்ட் பல்பு எரியும், கீசரும் ஓடும். என்றைக்காவது நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் கீசரின் எலிமென்ட் வழியாக முழு 230 வோல்ட்டும் அதன் உடம்புக்கு வந்து நிற்கும். தண்ணீர்க் குழாயில் பச்சை வயரைச் சுற்றுவதும் இதே ரகம். இப்போது சுவருக்குள் இருப்பது பி.வி.சி., சி.பி.வி.சி. பைப், அதில் மண்ணுக்குப் போக வழியே இல்லை, கரண்ட் உலோகக் குழாய்த் தலையிலேயே தங்கும். எர்த் இல்லை என்றால் எர்த் குழியிலிருந்து பச்சை வயர் இழுத்த பிறகே கீசர்.

கரண்ட் கொடுக்கும் முன்னும் பின்னும்

முதலில் கரண்ட் இல்லாமல்: மல்டிமீட்டரில் கீசர் சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பெட்டியின் எர்த் பட்டைக்கும் நடுவே 1 ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். எல்.இ.டி. விளக்குகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பேஸ்–நியூட்ரல் பாருங்கள். 1 மெகா ஓம் குறைந்தபட்சம். புது வயரிங்கில் பத்து, நூறு என்று காட்ட வேண்டும். 2, 3 என்று காட்டினால் எங்கோ ஈரமோ, ஆணி கீறியதோ இருக்கிறது, பூசுவதற்கு முன் தேடுங்கள்.

கரண்ட் கொடுத்த பிறகு: கீசர் சாக்கெட்டில் பேஸ்–நியூட்ரல் 230 அளவில், பேஸ்–எர்த்தும் அதே அளவில், நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள். பேஸ்–எர்த் 100, 150 என்று தடுமாறினால் எர்த் மிதக்கிறது, அதாவது மண்ணோடு சரியான தொடர்பு இல்லை. நியூட்ரல்–எர்த் துல்லியமாக 0 காட்டினால் மகிழ வேண்டாம், யாரோ இரண்டையும் சேர்த்திருக்கிறார்களா என்று சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு வைத்துப் பார்க்கும் பழைய சோதனையை இங்கே செய்தால் பல்பு எரியாது, ஆர்.சி.சி.பி. விழும். அப்படி விழுவதுதான் தேறியதற்கு அடையாளம்.

கடைசியாக ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் சுவிட்ச், மாற்றுங்கள். மாதம் ஒருமுறை இந்தப் பட்டனை அழுத்த வீட்டுக்காரருக்குச் செய்துகாட்டிவிட்டுப் போங்கள். பட்டன் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யின் உள்வேலையை மட்டும்தான். எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது.

பிறகு வரும் தொல்லைகள்

கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது, ப்ளக்கைப் பிடுங்கினால் நிற்கிறது: வயரிங்கில் குறையில்லை, எலிமென்ட் கசிகிறது. பத்து நிமிடம் ஓடி, சூடான பிறகு விழுந்தாலும் எலிமென்ட்தான். அதன் உறையில் உள்ள விரிசல் சூட்டில் விரிகிறது. போர்வெல் உப்புத் தண்ணீர் ஊரில் எலிமென்ட்டில் உப்புக் கட்டி அரிப்பது சாதாரணம். எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு, வேறு கதை.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கினால், சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் அணைத்த விளக்கின் ஹோல்டரில் பேஸ் நின்றுகொண்டிருக்கும். இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும் இப்படி மினுக்கும், அது ஆபத்தில்லை.

குழாயைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது என்று சொன்னால், செருப்பு போட்டுக்கொண்டு குளியுங்கள் என்று பதில் சொல்லாதீர்கள். கீசரை டபுள் போல் சுவிட்சில் அணைத்து, எர்த் தொடர்ச்சியையும் ஆர்.சி.சி.பி.யையும் அன்றே பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் வெளிச்சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் பாக்ஸைத் திறங்கள். பெரும்பாலும் சாரல் உள்ளே இறங்கி கனெக்டர் பச்சை பூத்திருக்கும். துடைத்துக் காயவைத்து, கனெக்டரை மாற்றி, பாக்ஸின் மேல் விளிம்பையும் பக்கங்களையும் சிலிக்கானால் அடைத்து, அடி விளிம்பை மட்டும் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன தண்ணீர் அங்கேயே நிற்கும்.